எழுபத்திரண்டு பல் ஸ்பானர்

முப்பது வருடம் கணிதம் படிப்பித்த ஒருவன் கடையில் சாமான் தெரிவு செய்யும்போது வாயைத் திறக்கக்கூடாது. நான் திறந்தேன். (அதோடு நின்றிருந்தால் வெறும் முட்டாள்தனம். பிறகு ஒரு பொய்யும் சொன்னேன்.)

கடல் வந்து ஊரை அள்ளிப்போயிருந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. என் மனைவியின் தம்பி குகனுக்குப் பழுகாமத்தில் கல்யாணம். தேற்றாத்தீவிலிருந்து மாப்பிள்ளையை என் பழைய இங்கிலாந்துக் காரில் கொண்டுபோவதாக ஏற்பாடு. வழியில் பட்டிருப்புப் பாலத்துச் சோதனைச் சாவடியில் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் என் கார் மறுபடி கிளம்பாது. ஸ்டார்ட்டர் மோட்டார் அவ்வளவு களைத்திருந்தது.

"அத்தான், வேற வாகனம் பிடிப்பமே" என்றான் குகன்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஸ்டார்ட்டரை நானே கழற்றிச் சரிசெய்வேன் என்று சூளுரைத்தேன்.

அதன் கீழ் போல்ட், எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒளிந்திருந்தது. சாதாரண ஸ்பானரை ஒரு விரலளவுக்கு மேல் அசைக்க இடமில்லை. எடுத்து எடுத்துப் போடாமல், பிடியை ஆட்டினாலே டிக் டிக் என்று திருகும் ராட்செட் ஸ்பானர்தான் வேண்டும். காத்தான்குடியில் ஹனிபா காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்) கடையில் அது இருந்தது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டார் போகும்போது விற்ற சாமான்கள்.

காக்கா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தடிப்பானது, சுற்றும் திசையை மாற்ற அதில் சின்ன விசை இருந்தது. மற்றது மெலிந்தது, பளபளப்பானது, விசையற்றது. திசை மாற்ற வேண்டுமானால் கழற்றிப் புரட்டிப் போட வேண்டும். காக்கா தடிப்பானதைத்தான் என் பக்கம் நகர்த்தினார்.

நான் பாடம் நடத்தினேன். மெலிந்ததுதான் இடுக்கில் நுழையும். எழுபத்திரண்டு பற்கள், ஆகவே ஒரு பல்லுக்கு ஐந்து பாகை. காக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"உள்ள போகும் சேர். வெளிய வாறதப் பத்தி யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் ஸ்பானரை மாட்டி ஆட்டினேன். என்ன இனிமையான சத்தம்! போல்ட் கழன்று கழன்று வெளியே வந்தது. அதன் தலையோடு ஸ்பானரும் வந்து, சட்டத்தில் முட்டி நின்றது. இனித் திருகிக் கழற்ற இடமில்லை. திரும்ப உள்ளே முறுக்கலாம் என்றால், ஸ்பானரை எடுத்துப் புரட்ட வேண்டும். எடுக்கத்தான் வழியில்லையே.

வேறு வாகனம் தேட நேரமில்லை. மறுநாள் காலை அப்படியே தள்ளிக் கிளப்பினோம். எஞ்சின் அதிர்வில் பிடி ஆடியது. டிக், டிக், டிக் என்று சத்தமிடும் கார் ஒன்று அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியை நெருங்கினால் என்ன நடக்குமோ, அது நடந்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் குகன் வெயிலில் கைகளைத் தூக்கி நின்றான். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"கடைக்காரன் பழுதான சாமானத் தந்திட்டான்" என்றேன்.

அதுதான் அந்தப் பொய். எங்கள் தமிழ் ஊரும் காக்காவின் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். அப்படியொரு பொய்க்குக் கால் முளைக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

மூடியைத் திறந்து பார்த்த சிப்பாய் ஒருவன் பிடியை மெல்ல ஆட்டினான், குனிந்து பார்த்தான், சிரித்தான். நான் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்ட விஷயம் அவனுக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. பிறகு பாலத்தின் மேல் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் கார் தள்ளினான். தாலி நேரத்துக்கு ஏறியது. கல்யாண அல்பத்தில் அவனுடைய வேட்டியில் பத்து விரல்களும் கறுப்பாகத் தெரியும்.

அந்த வாரமே ஹனிபா காக்கா வீடு தேடி வந்தார். கதை கடைவரைக்கும் போயிருந்தது. ஒன்றும் கேட்காமல் எஞ்சின் தாங்கியைத் தளர்த்தி, ஜாக்கியால் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கினார். ஸ்பானர் கையோடு வந்தது. துடைத்து என்னிடம் நீட்டினார்.

"சாமான் நல்லாத்தான் இருக்கு சேர்."

தேநீர் குடிக்காமல் போய்விட்டார். அன்று நான் வெட்கப்பட்டதுபோல் என்றும் வெட்கப்பட்டதில்லை. மறுநாள் கடைக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். வீட்டிலும் ஊரிலும் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வியையும் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்; அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

போன மாதம் மட்டக்களப்பில் ஸ்கேன் எடுக்க, என்னைப் படுக்கையோடு அந்த எந்திரக் குழாய்க்குள் தள்ளப்போனார்கள். வாசலில் நின்ற குகன் தன் அக்காவைப் பார்த்தான். இந்த வயதில், அதுவும் டொக்டருக்கு முன்னால், அவள் குனிந்து என் காதில் சொன்னாள்:

"உள்ள போகும் சேர்."