களஞ்சியத்தில் குதிரைப்படம்

“தம்பி, தொப்பிக்காரன் இப்ப என்ன சொன்னவன்?”

தங்கராசா கேட்டுவிட்டார். நெற்களஞ்சியத்துக்குள் இருந்த அத்தனை முகங்களும் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு யோகலிங்கத்தின் பக்கம் திரும்பின. தொப்பிக்காரன் என்ன சொன்னான் என்பது யோகலிங்கத்துக்குத் தெரியாது. படம் தொடங்கியதிலிருந்து எவர் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. ஆம், இல்லை என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையாவது பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான், அவைகூட அகப்படவில்லை.

ரூபவாகினித் தொலைக்காட்சி தொடங்கிய ஆண்டின் ஆவணி மாதம் அது. ஒட்டுசுட்டானில் வெயில் ஏறிய பின் வயலிலோ தெருவிலோ ஒருவரும் நிற்க முடியவில்லை. தங்கராசாவின் அரிசி ஆலைக்கு நெல் வருவதற்கு இன்னும் நாளிருந்தது. களஞ்சியம் வெறுமையாகக் கிடந்தது. மின்சாரத்துக்கு ஆலையின் இயந்திரம் இருந்தது. ஆகவே அவர் வவுனியாவிலிருந்து ஒரு கிழமை வாடகைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் எடுப்பித்து, யன்னல்களைச் சாக்குகளால் மூடி, ஊரையும் அழைத்திருந்தார். பொருள்களைக் கொண்டுவந்து இறக்கிய மஹ்றூப், தமிழ்ப் படங்கள் யாவும் ஓமந்தையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டன, மிஞ்சியவை பழைய கவ்போய்க் குதிரைப்படங்கள் மாத்திரமே என்று சொல்லி, மேற்கொண்டு பேச நேரமில்லாமல் அந்தக் கலியாண வீட்டுக்கே வான் வண்டியை விட்டுவிட்டார்.

தங்கராசா வருந்தவில்லை. மகள் கமலாசனியைப் பெண் கேட்டு வந்த யோகலிங்கத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று அவர் எண்ணினார். ஆலைக்கு இயந்திரம் வாங்கக் கொழும்புக்குப் போன இடத்தில், ஆங்கிலம் தெரியாமல் அரைநாள் ஊமையைப் போல இருந்துவிட்டு வந்தவர் அவர். மருமகன் ஆங்கிலம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தபாற்கந்தோரில் வேலை செய்த யோகலிங்கம், ஆங்கிலம் தெரியுமோ என்ற கேள்விக்கு “ஓம்” என்று சொல்லியிருந்தான். அது முழுப் பொய்யன்று. கடித உறைகளில் எழுதப்பட்டிருப்பதை அவன் பிழையில்லாமல் வாசிப்பான். கமலாசனி முத்திரை வாங்க வந்து போய்க்கொண்டிருந்த இடமும் அதே தபாற்கந்தோர்தான். அவள் வாங்கிய முத்திரைகளுக்கு ஈடாகக் கடிதம் போடுவதற்கு அவளுக்கு உலகில் அத்தனை உறவினர் இருக்கவில்லை. இந்தப் பெண்ணை இழப்பதா, பொய்யைக் காப்பாற்றுவதா என்று கேட்டால் அவனுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

திரையைப் பார்த்தான். தொப்பிக்காரன் பருத்த மனிதன், பெரிய மீசைக்காரன்; ஏறியிருந்தது நல்ல குதிரை; பின்னால் ஏவலாளர்கள். எதிரே சவரம் செய்யாத மெலிந்தவன் ஒருவன் நின்றான்.

“இவர் பெரிய பண்ணைக்காரர், ஐயா. இவற்ற மாட்டை அந்த மெலிஞ்சவன் களவெடுத்திட்டான். மரியாதையாத் திருப்பித் தா எண்டு கேக்கிறார்.”

தங்கராசா கதிரையில் நிமிர்ந்தார். போன மாதந்தான் அவருடைய பட்டியிலிருந்தும் மாடுகள் காணாமற்போயிருந்தன. அவரும் பருத்தவர். அந்தக் கணத்திலிருந்து பண்ணைக்காரர் வேறு, தாம் வேறு என்று அவர் கருதவில்லை.

யோகலிங்கம் உண்மையில் அஞ்சியது தங்கராசாவுக்கல்ல. முன்வரிசையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த சிற்றம்பலம் மாஸ்டருக்கு. வேலையிலிருந்து இளைப்பாறும்வரை ஊர்ப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். சோதனையில் தீர்ப்புச் சொல்வதற்கென்றே தங்கராசா அவரை அழைத்திருந்தார். யோகலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்தான். மாஸ்டர் கண்களை மூடியபடி தலையை ஒருமுறை அசைத்தார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே பண்ணைக்காரர் ஒரு கிழவனை முதுகில் சுட்டுவிட்டார். கள்ளருக்குத் தலைவன் அந்தக் கிழவன்தான் என்று யோகலிங்கம் சொன்னான். அடுத்து அவர் ஒரு பெண் இருந்த வீட்டுக்குத் தீ வைத்தார். அம்மை கண்ட வீடு, ஊர் நன்மைக்காகக் கொளுத்துகிறார் என்றான். பெண்கள் பக்கமிருந்து, உள்ளே நிற்பவளை வெளியே கூப்பிடக்கூடாதோ என்று ஒரு குரல் எழுந்தது. கூப்பிட்டதாகவும் அவள் வர மறுத்ததாகவும் சொல்ல வேண்டியதாயிற்று.

மாடுகள் திரையில் வந்ததும் தங்கராசா முன்னுக்குக் குனிந்தார். வன்னியில் மாடு வைத்திருப்பவர்கள் முதலில் பார்ப்பது மாட்டையன்று, அதன் தோலிற் சுட்டிருக்கும் குறியை.

“தம்பி, பண்ணைக்காரற்ற குதிரையில வேற குறியெல்லோ கிடந்தது. இது அவற்ற மாடில்லையே.”

“கள்ளன் குறியை மாத்திச் சுட்டிட்டான், ஐயா.”

தங்கராசா நெற்றியில் அடித்துக்கொண்டார். “என்ர மாட்டுக்கும் அதைத்தான் செய்திருப்பாங்கள்.”

இந்த இடத்தில் கதை நின்றிருந்தால் யோகலிங்கம் தப்பியிருப்பான். ஆனால் மெலிந்தவன் தெருவின் நடுவே வந்து நின்று பண்ணைக்காரரைச் சுட்டான். பண்ணைக்காரர் புழுதியில் விழுந்தார். தங்கராசா கதிரையை விட்டு எழுந்தார்.

“செத்திட்டாரோ?”

கதவருகே நின்ற கமலாசனி தகப்பனைப் பார்த்தாள். பிறகு யோகலிங்கத்தைப் பார்த்தாள்.

“இல்லை, ஐயா. மயக்கம்.”

திரையில் குழி வெட்டினார்கள்.

“புதைக்கினமே, தம்பி.”

“கள்ளரை ஏமாத்திறதுக்கு. நாளையான் கசெற்றில எழும்பி வருவார்.”

மாஸ்டர் தலையை அசைத்தார்.

மறுநாள் மத்தியானம், படம் தொடங்குவதற்கு முன், கமலாசனி தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அப்பா ராத்திரி ஒரு வாய் சோறு தின்னேல்ல. ஆரைச் சுட்டாலும் சுடட்டும், அந்தாளை மட்டும் சாகவிடாதேங்கோ.”

“எனக்கு அதில ஒரு சொல்லும் விளங்கேல்ல, கமலா.”

“எனக்கு அது நேற்றே தெரியும். மாஸ்டருக்குத் தெரியாமப் பாத்துக்கொள்ளுங்கோ.”

மாஸ்டரின் காதுக்கு ஆங்கிலம் எட்டாவிட்டால் பிழையும் எட்டாது என்று கணக்கிட்ட யோகலிங்கம், வெக்கையில் பெட்டி சூடேறிவிடும் என்று காரணங் காட்டி ஒலியைக் குறைத்தான். அப்படியானால் மாஸ்டர் எப்படிப் பிழை பார்ப்பது என்று கேட்ட தங்கராசா, ஒலியை உச்சத்தில் வைத்ததோடு மாஸ்டரின் கதிரையையும் பெட்டிக்கு அருகில் இழுத்துப் போடுவித்தார். யோகலிங்கம் அடுத்த வழியை எடுத்தான். பெரியவர் இருக்கும்போது தான் விளக்கம் சொல்வது மரியாதையில்லை, மாஸ்டரே சொல்லட்டும் என்றான். மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

“சோதினை எழுதிறது நீர். நான் திருத்திறவன். தொடரும்.”

இரண்டாவது படத்தில் முந்தின நாள் முகம் ஒன்றுகூட இல்லை. தங்கராசாவோ பண்ணைக்காரர் எப்போது எழும்புவார் என்று கேட்டபடியே இருந்தார். வேறு வழியின்றி, நெஞ்சில் நட்சத்திரம் குத்திய ஒல்லியான ஒருவனை யோகலிங்கம் காட்டினான்.

“மண்ணுக்குள்ள கிடந்ததில மெலிஞ்சு போனார், ஐயா.”

“மீசை எங்கை?”

“அடையாளம் தெரியாமலிருக்க வழிச்சுப்போட்டார்.”

“மூளைசாலி,” என்றார் தங்கராசா. அன்று இரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

கிழமை முழுவதும் ஓடியவை வெவ்வேறு படங்கள். களஞ்சியத்தில் நடந்தது ஒரே கதை. பண்ணைக்காரர் ஒரு நாள் தாடி வளர்த்தார், ஒரு நாள் உயரம் குறைந்தார், ஒரு நாள் மதகுருவின் அங்கியில் திரிந்தார். நடிப்பவர்களின் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போனதை வெயிலின் குற்றம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். பாலைவனத்தில் குதிரைக்காரனின் தண்ணீர்ப்பை வற்றியபோது களஞ்சியத்தில் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நெரிசல் உண்டாயிற்று. பட்டி மேய்க்கும் பழனியாண்டி, பண்ணைக்காரர் சுடப்படக்கூடிய இடம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, பின்னால் பார்க்குமாறு அவருக்குச் சொன்னார். இவ்வளவு சந்தோசமாக ஒட்டுசுட்டான் ஒரு வெயிற்காலத்தைக் கழித்ததில்லை. சந்தோசமில்லாதவன் யோகலிங்கம் ஒருவன்தான். ஒரு பொய்யைக் காக்கச் சொன்ன பொய்களை அவன் மறந்துகொண்டிருந்தான். ஊர் ஒன்றையும் மறக்கவில்லை.

கடைசி நாளுக்கு முதல்நாள் அவன் அஞ்சியது நடந்தது. துப்பாக்கியை நீட்டியபடி ஒருவன் ஏதோ உறுமினான். “உன்னைச் சுடுவன் எண்டு சொல்லுறார்,” என்றான் யோகலிங்கம். சாய்மனைக் கதிரையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“பிழை.”

எல்லோரும் மாஸ்டரின் பக்கம் திரும்பினார்கள்.

“சுடுவன் எண்டில்லை. சுட்டிருப்பன் எண்டு வரும். காலத்தைக் கவனியும்.”

யோகலிங்கம் திருத்திச் சொன்னான். அந்த இரைச்சலுக்குள்ளும் வினைமுற்றின் காலத்தைப் பிரித்தறிந்த மாஸ்டரின் காதை ஊரே வியந்தது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவர் மற்றவற்றை எதற்காக விட்டுவைத்திருக்கிறார் என்று யோகலிங்கத்துக்கு விளங்கவில்லை. இரக்கம்தான் காரணம் என்று முடிவுசெய்து, அன்று மாலை அவரைக் கண்டு கண்ணீர் மல்கக் கும்பிட்டான். மாஸ்டர் அவசரமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைசிப் படத்தின் முடிவில் ஒரு முதியவர் கண்ணுக்கெட்டாத தொலைவுவரை நீண்ட மாட்டுக் கூட்டத்தை ஆறு கடத்தினார். எவரும் எவரையும் சுடவில்லை.

“பண்ணைக்காரருக்கு மாடு முழுக்கத் திரும்பக் கிடைச்சிட்டுது, ஐயா,” என்றான் யோகலிங்கம். அந்தக் கிழமையில் அவன் முழுமனதோடு சொன்ன ஒரே வசனம் அது.

தங்கராசா சால்வையால் கண்ணைத் துடைத்தார். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பித் தீர்ப்பைக் கேட்டார். கமலாசனியின் கை கதவுநிலையை இறுகப் பற்றியது.

மாஸ்டர் நிதானமாக எழுந்தார். “இது குதிரைக்காரரின்ர ஆங்கிலம். லேசில பிடிபடாது. பெடியன் ஒரு இடத்தில மட்டுந்தான் சறுக்கினவன். மற்றதெல்லாம் சுத்தம்.”

“அப்ப வாற வெள்ளி தாலிக்குப் பொன்னுருக்குவம்,” என்றார் தங்கராசா.

நிலையைப் பற்றியிருந்த கை தளர்ந்தது.

வெயில் சாயும் வேளையில் மஹ்றூப் வானோடு வந்தார். தமிழ்ப் படம் கொடுக்க இயலாமற்போனதற்கு மன்னிப்புக் கேட்டபடியே வயரைச் சுற்றத் தொடங்கினார். குறையொன்றும் இல்லை என்றார் தங்கராசா. யோகலிங்கத்தின் தோளில் ஒரு கையையும் மாஸ்டரின் தோளில் மறு கையையும் போட்டுக்கொண்டார்.

“என்ர மருமோன் ஒரு சொல் விடாமத் தமிழில சொன்னவர். மாஸ்டர் பக்கத்தில இருந்து பிழை திருத்தினவர்.”

மஹ்றூப் வயர் சுற்றுவதை நிறுத்தினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெய்யான மரியாதையோடு சொன்னார்:

“அப்ப ரெண்டு பேரும் லேசுப்பட்ட ஆக்களில்ல, முதலாளி. எங்கட மச்சான் கப்பல்ல போன இடத்தில வாங்கின கசெற் இதெல்லாம், முழுக்க ஜெர்மன் பாசையெல்லோ.”