முதல் முத்தமும் ஒரு வெண்கல உரலும்

வருகிற உயிர்த்த ஞாயிறன்று முதல் முத்தம் எனக்குத்தான் என்று சபதம் எடுத்தேன். தப்பாக நினைக்க வேண்டாம். பூசையின் நடுவே சமாதானப் பலகை என்று ஒரு சாமிப் படப் பலகை வருமே, அதற்குக் கொடுக்கிற முத்தம். சாமியார் முதலில் முத்தமிடுவார். பிறகு ஆண்கள் வரிசையில் மதிப்புப்படி கைமாறும். பெண்கள் பக்கம் கடைசியில்தான் போகும். எங்கள் பதுவை நகரில் ஒருவனின் தகுதி, அவனுக்கு முன்னால் எத்தனை ஜோடி உதடுகள் என்பதில் இருக்கிறது. சாமியாரை விட்டால் எனக்கு முன்னால் ஒரே ஜோடி. ரொட்டிக்கடை சில்வெஸ்த்ரோவுடையது. மனிதர் நோன்பிருந்து வந்தாலும், முந்தாநாள் தின்ற பூண்டு அவரோடு பூசை காண வரும். பதினோரு வருடமாகச் சமாதானத்தின் பெயரில் பூண்டுக்கு முத்தம் கொடுத்து வருகிறேன். நான் மெழுகுவத்தி வியாபாரி. அந்தக் கோயிலுக்கே வெளிச்சம் தருபவன். இது எந்த ஊர் நியாயம்?

கோயிலின் சமாதானப் பலகை மரம், விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வெண்கலத்தில் பதக்கம் செய்து தருகிறேன், கொடுத்தவருக்கே முதல் முத்தம் என்றேன். சாமியார் சம்மதித்தார்.

வார்ப்புக்கார ஜெரோலமோ, "அச்சு தயாரா இருக்கு. இயேசு உயிர்த்த அன்னிக்குக் கல்லறைக்கு வந்த மூணு பொம்பளைங்க, பக்கத்துல தூங்குற காவக்காரங்க. வெண்கலம் மட்டும் நீங்க கொண்டாங்க" என்றார்.

எங்கள் வீட்டில் வெண்கலம் என்றால், என் மனைவி ஒர்சோலா சீதனமாகக் கொண்டுவந்த உரல்தான். அவள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனாள். உரல் உலைக்குப் போனது. உள்ளங்கை அகலத்தில், வட்டமாக, பதக்கமாகத் திரும்பி வந்தது. மிச்ச வெண்கலம் ஜெரோலமோவின் கூலி.

"ஏங்க, என் உரலைக் காணோம்."

"திருடன் வந்திருப்பான்."

"வெள்ளித் தட்டை விட்டுட்டு உரலைத் தூக்கிட்டுப் போற திருடனா?"

"அவன் வீட்லயும் மிளகு இடிக்க வேணாமா?"

"சரிதான். சாமியார்கிட்ட சொல்லிட்டேன். உயிர்த்த ஞாயிறு பூசையில, எடுத்தவன் சபிக்கப்பட்டவன்னு மெழுகுவத்தியை அணைச்சு அறிவிக்கப் போறாரு. நம்ம கடை மெழுகுவத்திதான்."

"ஒரு உரலுக்காக நரகமா?"

"உங்களுக்கு ஏன் வேர்க்குது? போகப்போறது திருடன்தானே."

பெரிய வியாழனன்று, பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடினேன்.

"சாமி, என் வீட்டு உரலை நானே எடுத்தா அது திருட்டா?"

"சீதனம் யாருது?"

"அவளுதுதான். ஆனா உரல் இப்போ உரலாவே இல்லியே. இல்லாததை எப்படித் திருப்பித் தர்றது?"

"என்னவா இருக்கோ, அதைத் திருப்பிக் குடு. அப்பத்தான் மன்னிப்பு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ஊரே நற்கருணை வாங்கும், நீ வேடிக்கை பாப்ப."

வீட்டுக்கு வந்து பதக்கத்தை ஒர்சோலாவின் கையில் வைத்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பொம்பளைங்க மூக்கெல்லாம் வார்ப்புல நல்லா விழுந்திருக்கு. போன மாசமே ஜெரோலமோ சம்சாரம் சொன்னா."

"தெரிஞ்சுமா சாபம் போடச் சொன்னே?"

"திருடன் யாருன்னு நான் வாயத் திறக்கலியே. நீங்களே சொல்லட்டும்னு விட்டேன்."

"சரி, இதைக் கோயிலுக்குக் குடுத்துடலாமா?"

"நான் குடுத்துக்கிறேன். குடுத்தவங்களுக்கே முதல் முத்தம். அதே பேச்சு."

ஞாயிறன்று பதக்கம் நேராகப் பெண்கள் பக்கம் போனது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஒர்சோலா அதை எங்கள் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க. கல்லறைக்கு முதல்ல வந்தது யாரு? ஆம்பளைங்க என்ன பண்ணிட்டிருக்காங்க?"

ஆம்பளைங்க தூங்கிக்கொண்டிருந்தார்கள், என் செலவில்.

எழுபத்து நான்கு பெண்கள் முத்தமிட்ட பிறகு பதக்கம் எங்களிடம் வந்தது. முதலில் சில்வெஸ்த்ரோ. அப்புறம் நான்.

"அதுல பூண்டு வாசம் அடிக்குது," என்றேன், வீட்டுக்குத் திரும்பும்போது.

"அடிக்காம? இருபது வருஷமா நான் பூண்டு இடிச்ச உரலாச்சே," என்றாள் ஒர்சோலா.