அப்பா நின்றுவிட்டது

"சில்லு பேசறேன். வயசு இருபத்துநாலு. இப்ப இருக்கிறது கம்பெனி மாடிப்படிக்குக் கீழே. அப்பா, பெட்டி மறுபடி படுத்துடுச்சுன்னு அம்மா சொன்னாங்க. பச்சை லைட் எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க. சாரி சார், இதோ ரெண்டே நிமிஷம் சார், வந்துட்டேன்."

சில்லு பேசப் பேச போன் அதுவாகவே எழுத்தாக்கி, குடும்பக் குழுவில் போட்டுவிட்டது. மேலதிகாரி படியிறங்கி வந்ததையும் சேர்த்தே போட்டுவிட்டது.

அப்பாவிடமிருந்து பதில் வந்தது: "பச்சை எரியுது. யாரை சார்ங்கிறே?"

பெயர், வயது, இருக்குமிடம் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். எவனோ ஒருவன் சில்லுவின் படத்தை ஒட்டிக்கொண்டு, 'ஊர் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே உதவுங்கள்' என்று பெரியத்தைக்குச் செய்தி அனுப்பிய நாளிலிருந்து சட்டம் அமலில் இருக்கிறது. வயதைக் கேட்டு ஒரு மோசடிக்காரனை எப்படிப் பிடிப்பது என்று யாரும் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது.

அப்பாவுக்குச் சலவைக் கடை. கவுன்ட்டருக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர். யார் என்ன துணி போட்டார்கள், எந்த எண், எப்போது தர வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அது 'பெட்டி'. அதற்குள் ஓடுகிற நிரலை, அதாவது புரோகிராமை, எழுதியவன் சில்லு. எழுதியதோடு விடாமல், அதை ஒரு கன்டெய்னருக்குள் வைத்தான். கப்பலில் போகிற இரும்புப் பெட்டி இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நிரலுக்கு மட்டும் தனியாக ஒதுக்கிக் கதவைச் சாத்திவிட்ட அறை மாதிரி. அந்த அறைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அப்பாவின் வேலையைச் செய்கிறது என்பதால் 'அப்பா' என்று வைத்தான். அப்போது அது பாசமாகத்தான் தெரிந்தது.

வெளிநாடு கிளம்பும்போது வாசலில் நின்று பெரிதாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "நான் இல்லைன்னாலும் பெட்டி கடையைப் பாத்துக்கும்பா. பாக்கலைன்னா நானே திரும்பி வந்து கவுன்ட்டர்ல உக்காந்துடறேன்."

"பாப்போம், பாப்போம்" என்றார் அப்பா, அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி.

இப்போது கம்பெனி இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி ஒரு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியோ மாதக்கணக்கில் சமர்த்தாக ஓடிவிட்டு, இந்த இரண்டு வாரமாகத்தான் படுத்துக்கொள்கிறது. ஓடிய நாட்களில் அவனுக்கு வேலையே இருக்கவில்லை. 'பெட்டி நல்லா ஓடுது' என்று அப்பா குழுவில் எழுதுவார். அவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் போடுவான். அத்தோடு சரி.

மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தான். அதாவது, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தான். 'அப்பா: நின்றுவிட்டது' என்றது திரை. பதிவுகளைக் காட்டச் சொன்னான். கடைசியாக இருந்தது ஒரு நீலச் சட்டை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒழுங்காக நிற்கிற நிரல் போய்வருகிறேன் என்றாவது சொல்லிவிட்டு நிற்கும். அடிபட்டு விழுவது ஒரு முனகலையாவது விட்டுச்செல்லும். இது மூச்சுக்காட்டாமல் போயிருந்தது.

"நினைவகம் பத்தலை போல" என்று முடிவுகட்டி, இருமடங்காக்கிக் கிளப்பிவிட்டான்.

போனில் அப்பா இருந்தார். "திரையில இப்ப என்ன வருதுப்பா?"

"ஏதோ எழுத்து. ஒண்ணொண்ணா படிக்கட்டுமா?"

"படிங்க."

அப்பா எழுத்தெழுத்தாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். மின்சார ரசீதைக்கூட முழுதாகப் படிக்காத மனிதர் இவ்வளவு பொறுமையாகப் படிப்பது சில்லுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நடுவே, "அங்க குளிருதா?" என்றார். "படுக்கிறதுக்கு மெத்தை இருக்கா, தரையிலயா?" என்றார்.

"அப்பா, எழுத்தைப் படிங்க."

"படிக்கிறேன், படிக்கிறேன். அவசரப்படாதே."

மறுநாள் மதியம் பெட்டி மறுபடி படுத்தது.

இந்தமுறை கன்டெய்னருக்குள்ளேயே போய்ப் பார்ப்பது என்று இறங்கினான். உள்ளே போனால் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. என்ன ஓடுகிறது என்று காட்டும் கருவி இல்லை, ஒரு கோப்பைத் திறந்து திருத்தவும் வழியில்லை. அறை சின்னதாக, இலேசாக இருக்க வேண்டும் என்று அவனே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டிருந்தான். அப்போது அதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு நேரம் முழுவதையும் செலவழித்து எல்லாக் கருவிகளையும் கொண்டுவந்து உள்ளே இறக்கினான். அடுத்த நாள் பெட்டி படுத்து எழுந்தபோது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் கன்டெய்னர் புதிதாகப் பிறக்கும்படி அமைத்திருந்ததும் அவன்தான்.

"நீயே வீட்டைக் கட்டி நீயே சாவியைத் தொலைச்சிருக்கே" என்றாள் பக்கத்து மேஜை அக்கா. அதே கம்பெனியில் எட்டு வருடமாக இதே வேலையைப் பார்ப்பவள். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அடுத்தவர் திரையைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. "அது சரி, எப்பப் படுக்குது? கூட்ட நேரத்துலயா?"

"அதான் புரியலைக்கா. கூட்டத்துல ஒருநாளும் படுக்கலை. கடையில ஈ ஓட்டுற நேரத்துலதான் படுக்குது."

"விசித்திரமா இருக்கே. வேலை ஜாஸ்தியானாத்தானே மயக்கம் போடும்? சும்மா உக்காந்திருக்கும்போதா போடும்?"

சில்லு அதை யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது. பெட்டிக்கு ஒரு காவலாளியைப் போடுவது என்று தீர்மானித்துவிட்டான். சின்ன நிரல். நிமிடத்துக்கொரு முறை 'இருக்கிறாயா?' என்று கேட்கும். பதில் வராவிட்டால் கன்டெய்னரைக் கொன்றுவிட்டுப் புதிதாகக் கிளப்பும்.

காவலாளி நல்ல விறைப்பான ஆளாக அமைந்துவிட்டது. அப்பா ஒற்றை விரலில் அடிப்பவர். 'கோட்டு' என்று அடித்துவிட்டு அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவார். அப்பா முடிக்கும்வரை நிரலும் வாயைத் திறக்காது, காவலாளிக்கும் பதில் சொல்லாது. அப்படித்தான் சில்லு எழுதியிருந்தான். காவலாளி ஒரு நிமிடம் பொறுக்கும், கொன்றுவிடும். எழுந்து வந்த நிரல், ஒரு துணிக்குக் கொடுத்த எண்ணையே அடுத்த துணிக்கும் கொடுக்கும். அன்று சாயங்காலம் ஒரு வங்கி மேலாளரின் கோட்டு பஸ் டிரைவர் ஒருவருக்குப் போனது. டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு கடைசி வண்டிவரை ஓட்டிவிட்டார். பயணிகள் அன்றைக்கு ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டதாகச் சொல்லி, கோட்டு விலைக்குக் கிடைக்குமா என்றும் கேட்டாராம்.

"மேலாளர் கவுன்ட்டர்ல வந்து நிக்கிறாருடா" என்றார் அப்பா மறுநாள் போனில். "கையில டிரைவர் சட்டை. நான் என்ன சொல்ல?"

"ஒரு மணி நேரம் டைம் கேளுங்கப்பா."

"கேட்டேன். உக்காந்திருக்காரு. உன்னைப் பத்திச் சொன்னேன். பையன் பெரிய கம்பெனியில இருக்கான்னு."

"இப்ப அது எதுக்குப்பா?"

"சும்மா பேச்சுக்கு."

காவலாளியைக் கழற்றிப் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சில்லு அப்படிச் செய்யவில்லை. காவலாளி எப்போது யாரைக் கொல்கிறது என்று தெரிந்தால் தேவலை என்று நினைத்தான். கொல்லும்போதெல்லாம் ஒரு செய்தி அனுப்பச் சொன்னான். அது தன் போனுக்குத்தான் வர வேண்டும். வழக்கமாகப் பேசிப் பேசிப் பழகிய குடும்பக் குழுவின் முகவரியைக் கை தானாகவே போட்டுவிட்டது.

வியாழக்கிழமை மதியம் குழுவில் வரிசையாக வந்தது:

அப்பா நின்றுவிட்டது. அப்பாவைக் கொல்கிறேன். மறுபடி கிளப்புகிறேன்.

அப்பா நின்றுவிட்டது. அப்பாவைக் கொல்கிறேன். மறுபடி கிளப்புகிறேன்.

மூன்றாவது செய்திக்குள் பெரியத்தை போனில் இருந்தாள். "டேய், உனக்கு என்னடா ஆச்சு? அவர் உன்னை என்ன செஞ்சாரு?"

"அத்தை, அது அப்பா இல்லை. கன்டெய்னர்."

"அப்பாவை என்னத்துல போட்டே?"

"அத்தை, கொஞ்சம் நிதானமா கேளுங்க."

"பேரும் இல்லை, வயசும் இல்லை, அதனால முதல்ல ஏமாத்துக்காரன்தான்னு நெனச்சேன். போலீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு இப்பத்தான் உனக்குப் போடறேன். நீயேதான் அனுப்பினியா?"

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று அப்பாவிடமே கேட்டார். இருக்கிறேன் என்றார் அப்பா. போலீஸ்காரர் அதைக் குறித்துக்கொண்டு, வந்ததற்கு இரண்டு பேன்ட்டைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போனார்.

சில்லு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பக்கத்து மேஜை அக்கா டிபன் டப்பாவை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ உள்ளேயே நின்னு பாத்துட்டு இருக்கே. அறைக்குள்ள விளக்கு அணைஞ்சா அறையைத்தான் குத்தம் சொல்லுவியா? வெளியே வா. மிஷின் எவ்வளவு நேரமா முழிச்சிருக்குன்னு கேளு."

ஒரே ஒரு சொல் அடிக்க வேண்டிய கட்டளை. இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே கற்றது. சில்லு அதை இத்தனை நாளில் ஒருமுறைகூட அடிக்கவில்லை. இப்போது அடித்தான். பதினோரு நிமிடம் என்றது.

"பாத்தியா. உன் நிரலுக்கு ஒரு நோயும் இல்லை. மிஷினுக்கே கரன்ட்டுதான் போயிட்டுப் போயிட்டு வருது. அதுவும் பாரு, ஒவ்வொரு நாளும் சரியா நாம சாப்பிட உக்காரும்போது."

சில்லு கடைக்குப் போன் போட்டான். "அப்பா, அங்க கரன்ட் போகுதா?"

"போகலையே. ஃபேன் ஓடுது."

"பெட்டிக்குப் போற வயர் லூசா இருக்கா?"

"இல்லையே, இறுக்கமாத்தான் இருக்கு" என்றார் அப்பா, குனிந்து பார்க்கக்கூட நேரமில்லாத வேகத்தில்.

"அப்ப எலி கிலி கடிக்குதா?"

"எலியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா உடனே. எலி என்ற யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருந்தது. "பெரிய எலி. அதை விடு, சாப்பிட்டியா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒப்பந்தத் தாள் மேஜையில் கிடந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து செய்தி: பெட்டி படுத்துவிட்டது. சில்லு பேனாவை மூடினான். கரன்ட்டுக்கும் எலிக்கும் இங்கிருந்து கட்டளை போட முடியாது. வாக்கு வாக்குதான். மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டு போன் போட்டான்.

"சில்லு பேசறேன். வயசு இருபத்துநாலு. இருக்கிறது..."

"தெரியும், சொல்லு."

"அப்பா, நான் கையெழுத்துப் போடலை. திரும்பி வந்துடறேன். சொன்னபடி கவுன்ட்டர்ல உக்காந்துக்கறேன்."

 இஸ்திரிப் பெட்டி நீராவி விடுவது கேட்டது.

"எதுக்குடா?" என்றார் அப்பா.

"பெட்டி ஓடலையேப்பா."

"ஓடும். இனிமே படுக்காது."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"படுக்காதுன்னா படுக்காது. நீ போடு கையெழுத்தை. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

"எலி?"

"எலியை நான் பாத்துக்கறேன்." பிறகு யாரிடமோ, "இந்தா, இதைப் பிடி, வாசல்ல ஆள் வந்திருக்கு" என்றார். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

போன் கைமாறியது. கடையில் இருபது வருடமாக இஸ்திரி போடுகிறவர், எல்லோரும் மடிப்பு என்று கூப்பிடுகிறவர், தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மடிப்பு பேசறேன். வயசு அம்பத்தாறு. இருக்கிறது இஸ்திரி மேஜைக்குப் பின்னாடி. வாசல்ல ஆளெல்லாம் யாரும் வரலை."

"என்னண்ணே நடக்குது அங்க?"

மடிப்பு குரலை இறக்கினார். "எலியும் இல்லை, கிலியும் இல்லை தம்பி. உங்க வேலை கெடக் கூடாதுன்னு உங்க சாப்பாட்டு நேரமா பாத்து, முதலாளிதான் குனிஞ்சு அந்த வயரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறாரு. தயவுசெஞ்சு, பெட்டி நல்லா ஓடுற நாள்லயும் அவருக்கு ஒரு போன் பண்ணுங்க."