எழுபதிலிருந்து முப்பத்தெட்டு வரை

"எகார்ட், பாய்லர் குமிழைத் திருப்பிட்டேன்! எழுபது டிகிரில இருந்து அம்பத்தஞ்சு!"

நிலவறைப் படியேறி வந்த ரோஸ்விதா, கையைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார். சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த எகார்டுக்கு அந்த நிமிஷமே முதுகு சிலிர்த்தது.

"ஜன்னல் ஏதாச்சும் திறந்திருக்கா?"

"இல்லையே."

"கால் பக்கம் ஜில்லுன்னு வருது."

"இப்பதான் திருப்பினேன். ரேடியேட்டர் குழாய்த் தண்ணி ஆறவே ஒரு மணி நேரம் ஆகும்."

"அது என் காலுக்குத் தெரியல ரோஸ்விதா."

எகார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் நீச்சல்குளத்தில் முப்பத்தொரு வருஷம் உயிர்காப்பாளர் வேலை. வெளியே முழங்கால் அளவு பனி கொட்டினாலும், உள்ளே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வெந்நீர் ஆவியில் உலாவிய உடம்பு. ஓய்வு பெற்ற அன்று ஸ்வெட்டர் போட்டவர்தான், இன்னும் கழற்றவில்லை.

ரோஸ்விதா வேறு ரகம். ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர். நாற்பது வருஷம் ரயில்களை ஒன்றோடொன்று மோதாமல் ஓட்டிக் காட்டியவருக்கு, ஓய்வு பெற்றதும் ஓட்ட ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எனவே வீட்டை ஓட்டத் தொடங்கினார். சமையலறை மேசையை முழுக்க மூடும் ஒரு தாளில் பதினைந்து வருஷத் திட்டம் தயார். இந்தக் குளிர்காலம் சோதனை. வசந்தத்தில் பழைய எரிவாயு பாய்லரைத் தூக்கிவிட்டு ஹீட் பம்ப். அடுத்த வருஷம் கூரை மேல் சோலார் பலகைகள். ஐந்தாம் வருஷம் பரணுக்குச் சூடு தப்பாமல் காக்கும் மெத்தை, எட்டாம் வருஷம் புது ஜன்னல்கள், பன்னிரண்டில் பேட்டரி.

"பதினஞ்சாவது வருஷம் ஒரு கட்டம் காலியா இருக்கே?" என்று எகார்ட் கேட்டிருந்தார்.

"உனக்கு அப்ப எண்பத்து மூணு. எதுக்கும் இருக்கட்டும்னு இடம் விட்டிருக்கேன்."

திட்டத்தாளை விரித்தபோது மேசை ஆடியது. போன குளிர்காலத்திலிருந்தே ஆடுகிறது. அப்போதே எகார்ட் ஏதோ ஒரு மஞ்சள் சீட்டை எட்டாக மடித்துக் காலுக்கடியில் சொருகியிருந்தார். அதைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டார். வீட்டுப் பராமரிப்பில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

சோதனை இதுதான். வீட்டுக்கு வெளியே பெட்டி மாதிரி உட்கார்ந்து, பனிக்காற்றிலிருந்தே சூட்டை உறிஞ்சித் தரும் ஹீட் பம்ப், பழைய பாய்லர் போல, அறைகளின் ரேடியேட்டர்களில் ஓடும் தண்ணீரைக் கொதிக்க விடாது. அது வெதுவெதுப்பான ஆசாமி. ஆகவே கடும் ஜனவரியில் பாய்லர் குமிழை ஐம்பத்தைந்துக்கு இறக்கிவைத்து, அப்போதும் அறைகள் கதகதப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வீடு பாஸ். இன்னும் இறக்கியும் கதகதப்பாக இருந்தால் சின்னப் பம்பே போதும்.

"நாலு அறையில நாலு தெர்மாமீட்டர் வச்சிருக்கேன். தினம் மூணு வேளை எழுதுவேன்," என்றார் ரோஸ்விதா.

"ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தா தெரியாதா?"

"அறை சூடாயிட்டா ரேடியேட்டர் தானா மூடிக்கும். அதைத் தொட்டு என்ன தெரியும்? கை பொய் சொல்லும் எகார்ட். எண் சொல்லாது."

இரண்டே நாள். அதற்கு மேல் எகார்டால் முடியவில்லை. கொட்டகையிலிருந்து பழைய காற்றாடி ஹீட்டரைத் தேடி எடுத்தார். மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது? அக்கார்டியன் பெட்டி கண்ணில் பட்டது. அக்கார்டியனை மாடி அறைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, காலிப் பெட்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஹீட்டரை உள்ளே வைத்து, மனைவியின் கண்ணெதிரிலேயே தூக்கிக்கொண்டு படியேறினார்.

கதவைச் சாத்திவிட்டு ஹீட்டரின் பிளக்கைச் சொருகினார். ஹீட்டர் 'ர்ர்ர்' என்று உறுமியது. அடடா, சொர்க்கம்!

"மேல என்ன சத்தம்?" கீழிருந்து குரல்.

"அக்கார்டியன் பழகறேன்!"

"அக்கார்டியன் அப்படியா சத்தம் போடும்?"

இப்போது வாசித்துத்தான் ஆகவேண்டும். அவசரமாகக் கட்டிலுக்கடியிலிருந்து அக்கார்டியனை இழுத்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு நடன மெட்டு, அதிலும் முதல் பாதி மட்டும். கல்யாணத்தன்று இருவரும் ஆடிய மெட்டு. அதையே ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பி வாசித்தார்.

இறங்கி வந்தபோது ரோஸ்விதா கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அன்று எகார்டின் தட்டில் ஆப்பிள் கேக் இரண்டு துண்டு இருந்தது.

"எல்லா அறையிலயும் இருபத்தொண்ணரை!" என்றார் ரோஸ்விதா, நோட்டைத் தட்டி. "குளியலறை கூட! நம்ம வீடு தங்கம் எகார்ட். நாளைக்கு அம்பதுக்கு இறக்கறேன்."

எகார்டின் வாயில் கேக் அடைத்தது. மாடியில் ஒரே அறையில் ஓடிய ஹீட்டர் கீழே குளியலறை வரைக்கும் எட்டுகிறதே! சின்னதாக இருந்தாலும் கெட்டிக்கார ஹீட்டர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். மறுநாள் ஐம்பது ஆனதும் ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டினார். சந்தேகத்துக்கு அந்த அறை ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"பொணம் மாதிரி கிடக்கு," என்று முனகிவிட்டு இன்னொரு ஜோடி சாக்ஸை மாட்டினார்.

பூனை பிரெட்சல் மட்டும் தன் வழக்கமான இடமான கூடத்து ரேடியேட்டர் பலகையை விட்டிறங்கி, கல்தரையில் மல்லாந்து கிடந்தது. அதற்குக்கூட விரக்தி வந்துவிட்டது என்று எகார்ட் நினைத்தார்.

நாற்பத்தைந்துக்கு இறக்கியபோது ரோஸ்விதா சொல்ல மறந்துவிட்டார். அந்த இரண்டு நாளும் எகார்ட் அதிசயமாக ஸ்வெட்டரைக்கூடக் கழற்றிவிட்டு, பருத்திச் சட்டையோடு சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தற்செயலாக நோட்டைப் பார்த்தார்.

"அடிப்பாவி! நாப்பத்தஞ்சா? முந்தாநாளிலிருந்தா?"

"ஆமா. உனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"தெரியலையா? முந்தாநாளிலிருந்து இடுப்பு வலிக்குது! எதுக்குன்னு இப்பதானே புரியுது!" என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு தும்மல் போட்டார்.

அடுத்த சிக்கல் மின்சாரத்தில் முளைத்தது. மீட்டரைப் பார்த்த ரோஸ்விதாவின் புருவம் கால அட்டவணையில் ரயிலொன்று காணாமல் போனது போல் நெறிந்தது.

"ரெட்டிப்பா ஓடியிருக்கே! எது இப்படிக் குடிக்குது?"

"ஃப்ரீசரா இருக்கும். அது ரொம்பக் கிழடு," என்றார் எகார்ட். வாயில் வந்த முதல் பொருள் அதுதான்.

ஐந்து நிமிஷத்தில் ஃப்ரீசரின் மின்கம்பி பிடுங்கப்பட்டது. உள்ளே ரோஸ்விதா குளிர்காலத்துக்காகச் செய்து வைத்திருந்த கறிக் கொழுக்கட்டைகள் நூற்றிருபது. வீணாக்க முடியுமா? சிக்கனத்துக்குப் பேர்போன ஸ்வாபியா வட்டாரத்தில் பிறந்தவர்கள் ரொட்டித்தூளைக்கூட வீணாக்குவதில்லை. காலையில் சூப்பில் கொழுக்கட்டை, மதியம் வெங்காயம் போட்டு வறுத்த கொழுக்கட்டை, சாயங்காலம் முட்டை ஊற்றிய கொழுக்கட்டை. ஐந்தாம் நாள் பிரெட்சலே தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

மீட்டர் அப்படியும் ஓடியது.

"அப்ப இந்த வீட்டோட பசியே பெருசு," என்று ரோஸ்விதா திட்டத்தாளில் அழிரப்பரைத் தேய்த்தார். "பத்து சோலார் பலகை பத்தாது. பதினாறு. அதையும் இந்த வருஷமே போட்டுடலாம். குமிழை முப்பத்தெட்டுக்கு இறக்கறேன்."

"முப்பத்தெட்டு என் காய்ச்சலுக்கே பத்தாதுடி!"

முப்பத்தெட்டிலும் இருபத்தொன்றரை. ரோஸ்விதா ஹீட் பம்ப் போடும் காஸ்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் அந்த எண்ணை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"முப்பத்தெட்டுலயாம்மா? இந்த ஊர்ல நான் அப்படி ஒரு வீட்டையே பார்த்ததில்ல. உங்களுக்கு இருக்கறதிலேயே குட்டிப் பம்பு போதும். காட்டுல வேட்டைக் குடிசைக்குப் போடுவோமே, அது. வெள்ளிக்கிழமை காலைல பேப்பரோட வரேன். கையெழுத்துப் போட்டா இருபது வருஷத்துக்குக் கவலையில்ல."

இருபது வருஷம்! எகார்ட் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். குட்டிப் பம்பு வந்துவிட்டால், இருபது வருஷம் பெட்டிக்குள் ஹீட்டர், இருபது வருஷம் அந்த அரை மெட்டு. எண்பத்தெட்டு வயதில் அக்கார்டியனைத் தூக்கவாவது முடியுமா? உண்மையைச் சொல்லலாமென்றால், ரோஸ்விதாவின் நோட்டில் முத்து முத்தாக எழுதிய அறுபது பக்கமும் குப்பைக்குப் போகும்.

சொல்லாமலே சோதனையைத் தோற்கடித்தால்?

வியாழக்கிழமை, ரோஸ்விதா ரொட்டிக்கடைக்குப் போன சமயம் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றையும் அகலத் திறந்துவைத்தார். அரைமணி நேரம் பனிக்காற்று உள்ளே குதியாட்டம் போட்டது. கோட்டும் தொப்பியுமாகக் கூடத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஜன்னலைச் சாத்தும் முன்பே ரோஸ்விதா வாசலில் நின்றார்.

"என்ன பண்ணற?"

"அது... கொழுக்கட்டை வாசனை போகட்டும்னு."

ரோஸ்விதா பாய்ந்துபோய் தெர்மாமீட்டர்களைப் பார்த்தார். பதினான்கு. எகார்டின் முகத்தில் வெளிச்சம். இருவரும் காத்திருந்தார்கள். பதினாறு. பத்தொன்பது. ஒரு மணி நேரத்துக்குள் இருபத்தொன்று.

"ஜன்னலைத் திறந்துபோட்டும் இருபத்தொண்ணு!" ரோஸ்விதா எழுதினார். அவர் வாழ்க்கையில் ஒரு நோட்டில் போட்ட முதல் ஆச்சரியக்குறி அது. அப்படியே திரும்பி எகார்டின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

ஹீட்டரின் மிச்சச் சூடாகத்தான் இருக்கும், சனியன், இவ்வளவு உழைப்பாளியாக இருக்கக் கூடாது என்று எகார்ட் மனதுக்குள் திட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் வந்தவர் காஸ்பர் அல்ல. வருஷத்துக்கொரு முறை பாய்லரின் புகையை அளந்து சீட்டுக் கொடுக்கும் புகைபோக்கிக்காரர் லாரன்ட்ஸ். வருவதாகப் போன வாரமே கதவில் துண்டுக்காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கருப்புக் கோட்டு, இரட்டை வரிசைப் பித்தளைப் பொத்தான். அதைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது ஊர் நம்பிக்கை. எகார்ட் ஒன்றைத் தொட்டார். யோசித்துவிட்டு இன்னும் மூன்றைத் தொட்டார்.

"என்ன ஐயா, லாட்டரியா?"

"அதை விடப் பெருசு."

லாரன்ட்ஸ் நிலவறைக்கு இறங்கினார். அதற்குள் காஸ்பரும் வந்துவிட்டார். மேசையில் காபி, கேக், காகிதங்கள். ரோஸ்விதா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணும்மா," என்றார் காஸ்பர்.

பேனா காகிதத்தைத் தொட்டது.

"நிறுத்து!" எகார்ட் எழுந்துவிட்டார். "ரோஸ்விதா, எல்லாம் பொய். வீடு தங்கம் இல்ல. நான்தான் சூடாக்கினேன். மாடியில ஹீட்டர் வச்சிருக்கேன்."

கேக்கை வாய்க்குக் கொண்டுபோன காஸ்பர் அப்படியே நின்றார்.

"எப்பலேர்ந்து?" என்றார் ரோஸ்விதா.

"அம்பத்தஞ்சுலேர்ந்து."

"ஃப்ரீசர்?"

"அது பாவம். அது மேல ஒரு தப்பும் இல்ல."

ரோஸ்விதா பேனாவை மூடினார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப அந்தப் பாட்டு? அது எனக்காகன்னு நெனச்சேன்."

எகார்ட் ஒரு நடுக்கமும் இல்லாமல் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாட்டு உனக்குத்தான். சூடு மட்டுந்தான் எனக்கு. மீதிப் பாதியையும் கத்துக்கறேன், சத்தியமா."

ரோஸ்விதா மூக்கை உறிஞ்சினார். மேசைக்கடியில் அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

"முட்டாளே, அவ்வளவு குளிருச்சுன்னா சொல்லக்கூடாதா? காஸ்பர், குட்டி வேண்டாம். இருக்கறதிலேயே பெருசைப் போடுங்க. ரேடியேட்டர் எல்லாத்தையும் மாத்துங்க. என் புருஷன் நடுங்கக்கூடாது."

"பெருசுன்னா தோட்டத்துல பாதி போயிடும்மா," என்று எச்சரித்தபடியே காஸ்பர் வேறு காகிதங்களை எடுத்து நீட்டினார். ரோஸ்விதா மறுபடி பேனாவைத் திறந்தார்.

நிலவறைப் படியில் காலடி கேட்டது. லாரன்ட்ஸ் கையில் ஒரு மஞ்சள் சீட்டோடு வாசற்படியில் வந்து நின்று, கரி படிந்த மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"புகையெல்லாம் சுத்தமா இருக்கும்மா, ஆனா அந்தக் குமிழ் இன்னும் சும்மாதான் சுத்துது, உள்ள கம்பி அறுந்து கிடக்குன்னு போன வருஷமே இதே மாதிரி மஞ்சச் சீட்டுல எழுதி ஐயா கையில கொடுத்தேனே, நீங்க எங்க திருப்பி வச்சாலும் இந்தக் குளிர்காலம் பூரா உங்க பாய்லர் ஓடினது எழுபதுலதான்!"