கண்டக்டர் விசில்

அவசரக்காரர்கள் ரவா தோசை சுடலாம்; காடி போடக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. எங்கள் ஊர் மதுக்கடையைப் போராடி மூட வைத்த என் மாமியார், ஓடும் பேருந்தில் கள் வாசனையோடு உட்கார நேர்ந்ததே என் அவசரத்தால்தான்.

பழனி மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே கூந்தல்பனைகள் நிற்கின்றன. என் கணவர் பாளை சீவிப் பதநீர் இறக்குவார். அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் தங்கித் தெளிந்ததும் ஜாடியில் ஊற்றி, வாயில் துணி கட்டி, மாதக்கணக்கில் விட்டால் புளித்துக் காடியாகும் (கடைக்காரர்கள் வினிகர் என்பார்கள்). நடுவில் கொஞ்ச காலம் அது வெறும் கள். அந்தக் கொஞ்ச காலத்தை மாமியாரின் மூக்குக்குத் தெரியாமல் கடத்துவதுதான் பெரும்பாடு.

கல்யாணமான புதிதில் காடி வியாபாரம்தான் என் கனவு. கொடைக்கானல் ஓட்டல்காரர் ஒருவர் சாம்பிள் கேட்டார். மாமியார் கறாராகச் சொன்னார்:

"இந்த ஆர்டர் அமையலேன்னா பனையெல்லாம் வெட்டிட்டு மலைவாழை வச்சுருவோம். சம்மதமா, ஆத்தா?"

சம்மதம் என்றேன். (திமிர்தான், வேறென்ன.)

ஜாடியில் புளிப்பு இன்னும் ஏறவில்லை, நுரைத்துக்கொண்டுதான் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் அழகு. கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, தக்கையை இறுக்கி அடித்து, மேலே சிவப்பு மெழுகை உருக்கி விட்டேன். பார்க்க வெளிநாட்டுச் சரக்கு மாதிரியே இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நீ வச்சா ஒடச்சுப்புடுவ" என்று கொடைக்கானல் பேருந்தில் பாட்டில் பையை மாமியாரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி மலை ஏற ஏற, முன்சீட்டுக்காரரின் சிப்ஸ் பாக்கெட் தலையணை போல உப்பியது. மேலே போனால் அப்படித்தான் ஆகும் என்று மலையில் பிறந்த எனக்குத் தெரியும். பாட்டிலுக்கும் அதே கதிதான் என்பது மட்டும் தோன்றவில்லை.

பெருமாள்மலை தாண்டியதும் முதல் தக்கை 'டப்'பென்று கூரையில் அடித்தது. பின்னாலேயே மற்றவையும். மாமியாரின் முகம், சேலை, கொண்டை எல்லாம் நுரை. டயர் வெடித்ததென்று நினைத்து டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, பெரிய மனுசி, கள்ளத் தூக்கிட்டு பஸ்ல ஏறலாமா?"

"கள்ளு இல்லய்யா, காடி."

"எனக்கு வாசம் தெரியாதாக்கும்? எறங்குங்க."

இறக்கிவிட்டே விட்டார். குளிரில் மாமியார் முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றார். கனவும் போயிற்று, மானமும் போயிற்று என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பனைய வெட்டிருவோம், அத்தை" என்றேன்.

"வெட்டுனா அவன் சொன்னது நெசமாயிரும்ல? கள்ளு எறக்குனவ, மாட்டுனதும் வெட்டிப்புட்டான்னு பேசுவாக. மறுபடி ஊத்து. காடிதான்னு அந்த ஆளு வாயாலயே சொல்ல வைக்காம எனக்குத் தூக்கம் வராது."

அன்றிலிருந்து ஜாடிகளுக்கு அவரே காவல். துணியைத் தூக்கிப் பார்க்கக்கூட என்னை விடவில்லை. மாதங்கள் கழித்து, நன்றாகப் புளித்த காடியோடு அதே பேருந்தில் ஏறி, அதே கண்டக்டரிடம் ஒரு கரண்டி நீட்டினார். குடித்த மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வண்டியைக் கிளப்ப விசில் ஊதப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டதில் வெறும் காற்றுதான் வந்தது.

"காடிதாங்க, ஆத்தா" என்றார் ஒருவழியாக.

அன்றைக்குப் பாட்டில்கள் ஒழுங்காக ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆர்டரும் கிடைத்தது. பனைகள் தப்பின.

இப்போது புளிப்பை அளக்க மீட்டரெல்லாம் வாங்கிவிட்டேன். அதை எங்கள் வீட்டில் யாரும் மதிப்பதில்லை. புது ஜாடி திறந்தால் மாமியார் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"ம்ஹூம். இன்னும் கண்டக்டரு விசில் ஊதிருவாரு. கெடக்கட்டும்" என்று துணியைத் திரும்பக் கட்டிவிடுவார்.