நூற்றைம்பது பேருக்குத் தேசிக்காய்த் தண்ணி

வட்டக்கச்சி யோகலிங்கம் தன் ஐம்பத்தாறாவது வயதில் ஓர் உறுதியான முடிவெடுத்தார். மனைவி பத்மாசனியை நுவரெலியாவுக்கு விடுவதில்லை.

நுவரெலியாவோடு அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. மாதர் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வான் பிடித்து நாலு நாள் போகிறார்கள். போகட்டும். ஆனால் பத்மாசனி அந்தச் சங்கத்தின் செயலாளர். மகள் யதுர்ஷிகா யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் போனால் மிஞ்சுவது யோகலிங்கமும் அடுப்பும். அந்த இருவருக்கும் அறிமுகமே இல்லை.

“நாலு நாளும் நான் என்னத்தைச் சாப்பிடுறது?” என்று கேட்டார்.

“கறியைக் காய்ச்சிப் பிறிட்ஜ்ஜில வைச்சிட்டுப் போறன். நீங்கள் சோறு மட்டும் போடுங்கோ.”

“சோறு போடுறது லேசான வேலையே?”

“முப்பது வருசமா நான் போடேக்க லேசு எண்டுதானே சொன்னனீங்கள்.”

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதர் வாயை மூடியிருப்பார். யோகலிங்கம் திறந்தார்.

“லேசுதான். குசினி வேலை எல்லாமே லேசுதான். பொம்பிளையள்தான் அதைப் பெருப்பிச்சு வைச்சிருக்கிறியள். எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.”

பத்மாசனி கோபிக்கவில்லை. அவர் கோபிக்காமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்பதை யோகலிங்கம் முப்பது வருடத்தில் படித்திருக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கும் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

“அப்ப ஒண்டு செய்யுங்கோ. வாற ஞாயிறு புதுவருச விளையாட்டு விழாவுக்கு நூற்றைம்பது பேருக்குச் சங்கம்தான் தேசிக்காய்த் தண்ணி குடுக்குது. அதை நீங்கள் தனிய நிண்டு செய்யுங்கோ பாப்பம்.”

“செய்யாட்டி?”

“செய்யாட்டி நான் நுவரெலியா போவன்.”

“செய்தால்?”

“செய்தால் பிறகு கதைப்பம்.”

‘பிறகு கதைப்பம்’ என்பதை ‘போகமாட்டன்’ என்று விளங்கிக்கொண்டு யோகலிங்கம் மீசையைத் தடவினார்.

சனிக்கிழமை காலை, பத்மாசனி சங்கக் கூட்டத்துக்குப் போன பிறகு, ஒத்திகை பார்த்தார். முற்றத்து மரத்தில் ஆறு தேசிக்காய் பிடுங்கி, வெட்டி, பிழிந்தார். அரை மணித்தியாலம் போனது. அரைத் தம்ளர் சாறு வந்தது. முதல்நாள் முள்ளுக்கம்பி கீறிய பெருவிரலில் அந்தச் சாறு இறங்கியபோது, அவருடைய வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டு வேலியில் நின்ற காகம் பறந்துபோனது. பத்மாசனி சொன்ன கணக்கு முந்நூறு தேசிக்காய். மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்று நாலு.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். பெரிய கடையொன்றில், வினாகிரிக்குப் பக்கத்துத் தட்டில், பச்சை மூடி போட்ட போத்தல்கள் வரிசையாக நின்றன. தேசிக்காய்ச் சாறு. ஒரு போத்தல் முப்பது தேசிக்காய்க்குச் சமன் என்று ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்தது. பத்துப் போத்தல் வாங்கினார். பிழியத் தெரியாதவனுக்கும் பிழைக்க வழி இருக்கிறது என்று சந்தோசமாக மோட்டார் சைக்கிளில் ஏறியவருக்கு, ஒரு சந்தேகம் வந்து காலைப் பிடித்தது.

சாறு இருக்கிறது. தோல் எங்கே?

முந்நூறு தேசிக்காய் பிழிந்தவன் வீட்டில் அறுநூறு பாதித் தோல் கிடக்க வேண்டும். பத்மாசனி முதலில் பார்ப்பது அதைத்தான்.

சந்தைக்குப் பக்கத்துக் கூல்பாரில் நுழைந்தார்.

“தம்பி, பிழிஞ்சு எறியிற தேசிக்காய்த் தோல் இருக்கோ?”

கூல்பார்க்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்கண்ணை?”

“மாட்டுக்கு.”

“மாடு தேசிக்காய்த் தோல் தின்னாதே.”

“எங்கட மாடு தின்னும்.”

“என்ன இன மாடு?”

“அது… கலப்பு.”

ஒரு உரப்பை நிறையத் தோல் கிடைத்தது. “மாட்டுக்குக் கவனமண்ணை” என்று கூல்பார்க்காரர் உண்மையான கவலையோடு சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு விடிந்ததும் பத்மாசனி விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். யோகலிங்கம் கிணற்றடியில் இரண்டு பெரிய பீப்பாவை வைத்துக்கொண்டு தொழிலில் இறங்கினார். பச்சைத் தண்ணீரில் சீனியைக் கொட்டிக் கலக்கினார். அது கரையாமல் ஆற்றுமணல் மாதிரி அடியில் படுத்தது. பிறகு மூளை வேலை செய்தது. சுடுதண்ணீரில் சீனியைக் கரைத்துப் பாணியாக்கி ஊற்றினார். பத்துப் போத்தலையும் கவிழ்த்தார். நக்கிப் பார்த்தார். புளிப்பு இருந்தது. இனிப்பு இருந்தது. இரண்டுக்கும் பின்னால் ஆசுபத்திரி வாசம் ஒன்றும் ஒளிந்திருந்தது. அதைத் துரத்த இஞ்சி இடித்துப் போட்டார். ஒரு பிடி உப்புப் போட்டார். ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டார். மீண்டும் குடித்தார்.

நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. அடுத்த தம்ளரைக் குடிக்கும்போது, தானே பிழிந்ததாக அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வெறும் போத்தல்களை நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து, தோல்களைக் குசினி வாசலில் மலையாகக் குவித்தார்.

பீப்பாக்களை ஏற்ற உழவு இயந்திரத்தோடு வந்த பத்மாசனி, அந்த மலையின் முன்னால் நின்றார். குனிந்து அதற்குள்ளிருந்து எதையோ இழுத்தெடுத்தார். ரோசா நிற ஸ்ட்ரோ.

“இதென்னப்பா?”

“அது… தேசிக்காய்க்குள்ள இருந்திருக்கும்.”

“தேசிக்காய்க்குள்ளயோ?”

“இல்லை, காத்துக்குப் பறந்து வந்திருக்கும்.”

“ஓமோம். ராத்திரி நல்ல காத்துத்தான்” என்று பத்மாசனி சொல்லிவிட்டு, ஸ்ட்ரோவைக் குப்பைக்குள் போட்டார். யோகலிங்கம் வியர்வையைத் துடைத்தார்.

மைதானத்தில் வெயில் கொளுத்தியது. கயிறிழுத்தவர்களும் கண்ணைக் கட்டி முட்டி உடைத்தவர்களும் பீப்பாவைச் சுற்றி மொய்த்தார்கள். பக்கத்து வளவுப் பொன்னையா அண்ணை நாலு தம்ளர் குடித்துவிட்டு, “லிங்கம், இது நீ செய்ததோ? இவ்வளவு கெட்டித்தனத்தை எங்கயடா ஒளிச்சு வைச்சிருந்தனி?” என்று கேட்டார்.

அடக்கமாக இருந்திருக்கலாம். யோகலிங்கத்தால் முடியவில்லை.

“எல்லாம் கைப்பக்குவம் அண்ணை. தேசிக்காயை முதல்ல உள்ளங்கையில வைச்சு உருட்டவேணும். அப்பதான் அது மனம் விட்டுச் சாறு தரும். இறுக்கிப் பிழிஞ்சியளோ, கைச்சுப்போடும்.”

பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். பொன்னையாவின் மனைவி பேச்சியம்மா, “எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு, தண்ணி கூட வார்த்துக் குடிக்காது” என்று புருசனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சற்றுத் தள்ளி நின்ற பத்மாசனி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். வெற்றி என்று யோகலிங்கம் நினைத்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கதிரையில் கால்மேல் கால் போட்டார்.

“என்ன, செய்து காட்டினனான்தானே? பிறகு கதைப்பம் எண்டனீர். கதையும்.”

“ஓம், கதைப்பம். நான் இவ்வளவு நாளும் ஒரே கவலைப்பட்டுக்கொண்டிருந்தனான். நான் போனால் நீங்கள் நாலு நாளும் எப்பிடிச் சமாளிப்பியள் எண்டு. இண்டைக்கு அந்தக் கவலை விட்டுது. நூற்றைம்பது பேருக்குத் தனிய நிண்டு செய்த மனிசனுக்கு ஒரு சுண்டு அரிசி அவிக்கிறது பெரிய வேலையே? நிம்மதியாப் போட்டு வாறன்.”

யோகலிங்கம் காலை இறக்கினார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொன்னால், செய்யவில்லை என்றாகும். செய்யாவிட்டால் போவேன் என்றுதான் பத்மாசனி முதலிலேயே சொன்னார். செய்தாலும் நுவரெலியா, செய்யாவிட்டாலும் நுவரெலியா. சொல்லாமல் விட்டால் ஊரில் கிடைத்த மரியாதையாவது மிஞ்சும்.

“சரி, போட்டு வாரும்” என்றார்.

பத்மாசனி குசினிக்குள் போகப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

“ஒண்டு சொன்னாக் குறை நினையாதேங்கோ. போத்தில் சாறு எண்டால் உப்பை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.”

புதன்கிழமை காலை வான் புறப்பட்டது. யோகலிங்கம் படலையடியில் நின்று கை காட்டினார். அவர் நினைத்த அளவுக்கு நிலைமை மோசமில்லை. பிறிட்ஜ்ஜில் ஒரு ஆளுக்கு அளவான கோழிக்கறியும் பருப்பும் இருந்தன. அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தார். பொங்கி வழிந்தாலும் சோறு சோறாகத்தான் வந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தபோது வெளியே படலை கிறீச்சிட்டது.

பொன்னையா அண்ணை நின்றார். கையில் ஒரு கோப்பை. அவருக்குப் பின்னால் இன்னும் பத்து ஆம்பிளைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பை.

“என்னண்ணை?” என்றார் யோகலிங்கம்.

“எங்கட மனிசிமாரும் வானிலதானே போட்டினம். ‘எங்கட அவர் இருக்கிறார், நூற்றைம்பது பேருக்குச் செய்தவருக்கு உங்கட பதினொரு பேர் ஒரு பாரமே’ எண்டு பத்மாசனி தங்கச்சிதான் சொல்லிப்போட்டுப் போனவா. நாலு நாளும் எங்களுக்கு இஞ்சதான் சாப்பாடாம்.”

பதினொரு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

“எனக்கு மட்டும் உறைப்பைக் குறைச்சுப் போடு, லிங்கம்” என்று சொல்லிக்கொண்டே பொன்னையா அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார்.