சொல்தா சம்பந்தியும் சிவப்பு வேனும்

வாயில் விட்ட முதல் மடக்கிலேயே தங்கதுரைக்குத் தெரிந்துவிட்டது, சரக்கு புளித்துப் போயிருக்கிறது. ஓடிப்போய் வாழைக்கன்றின் அடியில் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னாடா ஆதிமூலம், கெட்டுப் போனத வாங்கிகினு வந்துட்ட?"

"கெடல அண்ணே. அந்தப் புளிப்புதான் அதோட ருசியே."

"ருசிய எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

கேட்டதில் நியாயம் இருந்தது. மணலூர்பேட்டை வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சுவதில் தங்கதுரையை மிஞ்ச ஆள் கிடையாது. கரும்புச் சாறு ஒரு மடக்கு நாக்கில் பட்டால் போதும், எந்தக் கழனிக் கரும்பு, வெட்டி எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். ஆனால் கள், சாராயம் என்று எதையும் தொட்டவரில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவர் வாயில் பட்ட முதல் மது இந்தப் பிரெஞ்சுச் சமாச்சாரம்தான்.

எல்லாம் மகள் செந்தமிழ்ச்செல்விக்காக. ஏற்கெனவே நாலு இடம் வந்து, நாலு பேரும் தண்ணீர் குடித்ததோடு எழுந்து போயிருந்தார்கள். ஐந்தாவதாக அமைந்தது பாண்டிச்சேரி இடம். பையன் வாத்தியார். அவன் அப்பா கந்தசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டிச்சேரியில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். நாளை மதியம் அவர் வந்து இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. நனைக்காமல் எழுந்தால் அதுவும் முடிந்த மாதிரிதான்.

இதில் குண்டைத் தூக்கிப் போட்டவன் தரகன் ஆதிமூலம். பாண்டிச்சேரி ஓட்டலில் ஆறு வருஷம் பரிமாறியவன்.

"சோத்தோட சிவப்பு வேன் இல்லன்னா சொல்தா கை நனைக்க மாட்டாருண்ணே. திருநாவலூர்ல ஒரு எடம் இப்டித்தான் தவறிப் போச்சு."

"வேன் எதுக்குடா? நாமதான் மாட்டு வண்டி அனுப்பறமே."

"அந்த வேன் இல்லண்ணே. பிரெஞ்சுல ஒயின வேன்னுதான் சொல்வாங்க."

"நல்லதா, வெல கம்மியா பாத்து வாங்கியா" என்று தங்கதுரை அவனை அனுப்பி வைத்தார். லீவில் வரும் சொல்தாக்களிடம் சொல்லி வைத்து, ஆதிமூலம் மூன்று பாட்டில் தேற்றினான். திரும்பி வரும்போது பஸ் நின்றுவிட்டது. எண்பத்தேழு செப்டம்பர் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோடெல்லாம் புளிய மரங்கள் குறுக்கே கிடந்தன. அந்த வாரத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்த அமைதியைச் சொல்வார்கள். லாரி இல்லை, ஹாரன் இல்லை. தென்பெண்ணையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

திருக்கோவிலூரிலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தவனை மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். பெரியவர் ஒருவர் பாட்டிலை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"இன்னாது இது, பன்னெண்டு சதவீதம்னு போட்டிருக்கு? நாம கேக்கறது இருவது. பன்னெண்டுக்கு ஒத்துக்கினு வந்தவன் எவன்?"

"ஐயோ, இது நம்ம கவர்மெண்ட் இல்லீங்க. பிரான்சு."

"அங்கயே அவ்ளோதான் குடுக்கறானா?" பெரியவர் உண்மையிலேயே வருத்தப்பட்டு, பாட்டிலைப் பையில் வைத்து அனுப்பிவிட்டார்.

அப்படி வந்து சேர்ந்த மூன்று பாட்டில்களைத்தான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்து இப்போது ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தக்கையைத் திருகி எடுக்கக் கருவி இல்லாததால், பம்புசெட் ஸ்குரூ டிரைவரால் தக்கையை உள்ளே தள்ளியாயிற்று.

"இது போர்தோ. பேருக்கே பாதி வெல. இது ரோன் ஆத்தங்கரை. நல்லதுதான், மொளகு வாசன வரும். இது தெக்கத்திச் சரக்கு, கொர்பியேர். பேரு தெரியாத ஊரு, அதான் வெல கம்மி. ஆனா மூணுல இதான் நேர்மையான வேன்." ஆதிமூலம் டம்ளரைச் சாய்த்து நிறம் பார்த்தான், சுழற்றினான், முகர்ந்தான், வாயில் வைத்துக் கொப்பளித்தான். துப்ப மட்டும் மறந்துவிட்டான். ஒவ்வொன்றையும் ஒன்றுக்கு நான்கு முறை சோதித்ததில் போர்தோவும் ரோனும் பாதியாகிவிட்டன.

தங்கதுரைக்கு மூன்றும் ஒரே புளிப்பு.

"இத வெச்சா அந்த மனுஷன் எழுந்து போயிடுவாருடா." அவர் சட்டென்று உள்ளே போய் ஒரு வெல்ல உருண்டையோடு வந்தார். தடுப்பதற்குள் மூன்று பாட்டிலும் ஒரே பாத்திரத்தில் கவிழ்ந்து, வெல்லமும் விழுந்துவிட்டது.

"அண்ணே, போர்தோவும் கொர்பியேரும் ஒன்னா கலக்கக் கூடாதுண்ணே."

"கரும்புல கலக்கறதில்லயா?"

வெல்லம் கரையவில்லை. அடுப்பு மூட்டிச் சூடு பண்ணினார். வீடு முழுக்கச் சாராயக்கடை வாசனை கிளம்பியது. அதை அமுக்க ஏலக்காய் போட்டார். போதவில்லை. கிராம்பு போட்டார், பட்டை போட்டார். பக்கத்து வீட்டு ஆயம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா பெரியநாயகி, இப்பவே பாயசமா?" என்று கேட்டாள்.

தங்கதுரையின் மனைவி பெரியநாயகி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு விசேஷம். அத வெச்சிகினு பண்ற கூத்தப் பாரு."

"நீ கம்முனு இரு. நாளைக்கு அவரு வந்ததும் இத சுட வெச்சி எடுத்தா. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஆதிமூலம் பாத்திரத்தைப் பார்த்துக் கண் கலங்கினான். "பிரான்சுக்காரன் பாத்தா அழுதுடுவாண்ணே."

மறுநாள் சம்பந்தி வீட்டார் வந்து சேர மதியம் இரண்டாகிவிட்டது. மரம் கிடந்த இடமெல்லாம் மாட்டு வண்டியிலிருந்து இறங்கி நடந்து, நடுவில் மழையில் வேறு மாட்டிக்கொண்டார்கள். கந்தசாமி உயரமான மனிதர். பட்டாளத்து நடை, நரைத்த மீசை, கையில் குடை. உள்ளே வந்ததும் அடுத்தடுத்து ஐந்து தும்மல் போட்டார். அவர் மனைவி ராஜாம்பாள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

இலை போட்டாயிற்று. கந்தசாமி இலையைப் பார்த்தார், ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குதுங்க. சாப்பாடு வேணாம்னு பாக்கறேன்."

கதவோரம் நின்ற செந்தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்தாவது இடமும் தண்ணீரோடு போகப் போகிறது. தங்கதுரை சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "இந்தா, அத எடுத்தா."

பெரியநாயகி ஆவி பறக்கும் வெள்ளி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே சிவப்பாக, தெளிவாக இருந்தது. கந்தசாமி இரண்டு கையாலும் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். ஆதிமூலம் வாசல் பக்கம் நழுவத் தயாரானான்.

"வேன் ஷோ" என்றார் கந்தசாமி மெதுவாக.

"இன்னாங்க?"

"சூடு வேன். பிரான்சுல, ஸ்த்ராஸ்பூர்ல குடிப்பாங்க. அங்க எட்டு வருஷம் இருந்தேன். மார்கழில பனி மொழங்கால் வரைக்கும் கெடக்கும். மாதாகோயில் சந்தையில ஒரு கெழவி இப்டித்தான் கிராம்பு, பட்டை போட்டு விப்பா. நானும் என்கூட பட்டாளத்துல இருந்த காரைக்கால் ஜோசப்பும் ஒரு டம்ளர் வாங்கி, மாத்தி மாத்தி கைய வெச்சி சூடு ஏத்திக்குவோம்." அவர் இன்னொரு மடக்குக் குடித்தார். "அப்பல்லாம் நம்ம ஊரு வெயிலு, எங்கம்மா மூஞ்சின்னு நெனச்சி நெனச்சி அழுவேன். இப்ப இங்க குந்திகினு அந்தப் பனிய நெனைக்கறேன் பாருங்க. ஜோசப் போயிச் சேந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு."

அவர் கண்ணில் நீர் நின்றது. தங்கதுரைக்கும் நின்றது. ஏனென்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

"எந்த வேன்லங்க போட்டீங்க?" என்று கேட்டார் கந்தசாமி.

ஆதிமூலம் முன்னால் வந்தான். "கொர்பியேர்ங்க. வெல கம்மிதான்."

"அதான் சரி. சுட வெக்கறதுக்கு வெல ஜாஸ்தி சரக்கு வீண். வெவரம் தெரிஞ்ச வூடு." கந்தசாமி டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்து, கை கழுவி, இலையில் உட்கார்ந்தார். சாம்பாரைப் பிசைந்தார். கை நனைந்தது. ராஜாம்பாள் செந்தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

தங்கதுரைக்குத் தரையில் கால் பாவவில்லை. நேரே சமையலறைக்குள் புகுந்தார்.

"பாத்தியா? கூத்துன்னு சொன்ன. நாக்கு வேணும்டி, நாக்கு. மிச்சம் இருக்கறத ஒரு பாட்டில்ல ஊத்திக் குடு, சம்பந்தி ஊருக்கு எடுத்துகினு போவட்டும்."

பெரியநாயகி அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்தக் கருமத்த காலையிலயே எருக்குழியில ஊத்திட்டேங்க. அவரு தும்மிகினே வந்தாரேன்னு கிராம்பு, பட்டை தட்டிப் போட்டு நான் குடுத்தது செம்பருத்திப்பூ கஷாயம்."